காத்திருப்பது யார்?

சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்குச் சொல்லிவைத்தால் அது உடனே கைக்கு வந்துவிடாது. ஸ்தபதி முதலில் மெழுகில் உருவம் பிடிப்பார். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அடுத்ததற்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்டவருக்குக் கேட்டபடி ஒன்றே ஒன்று செய்து கொடுப்பது, உற்பத்தி முறைகளில் மிகப் பழையது. கோயிலின் அளவுக்கும் மரபுக்கும் ஏற்ற மூர்த்தி கிடைக்கும். விற்காத சரக்கு என்று எதுவும் தேங்காது. ஆனால் விலை கூடும், கைத்தேர்ச்சி வர ஆண்டுகள் பிடிக்கும். எந்த உற்பத்தி முறையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் எழும் கேள்வி, இங்கே காத்திருப்பது யார் என்பதுதான். சுவாமிமலையில் வாங்குபவர் காத்திருக்கிறார்.

திருப்பூரில் காத்திருப்பது துணி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நான்கு நிறம், ஐந்து அளவு என்று பல்லாயிரம் டி-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர் தருகிறது. நூல் வருகிறது, நிட்டிங்கில் துணியாகிறது, சாயப்பட்டறைக்குப் போகிறது. அங்கே ஒரு தடவையில் சாயமேறும் துணி ஒரு லாட். ஒரே நீலம், ஒரே கணக்கு என்றாலும் இரண்டு லாட்டுகளுக்குள் நிறம் நூலிழை வித்தியாசப்படலாம். அதனால் சட்டையின் உடல் ஒரு லாட்டிலும் கை வேறொரு லாட்டிலும் வந்துவிடக் கூடாது. கட்டிங்கில் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் வெட்டி, அளவு வாரியாக எண் போட்டுக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுகள் ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொரு மேசையிலும் தம் முறைக்காகக் கிடக்கின்றன.

இதுதான் தொகுதி உற்பத்தி. இன்றைக்குக் குழந்தைச் சட்டை, அடுத்த வாரம் பெண்களுக்கான டாப்ஸ் என்று அதே மெஷின்களை வைத்தே மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செலவு உண்டு. நூல் கோன் மாற்ற வேண்டும், தையல் அளவைத் திருத்த வேண்டும், கருநிறம் ஓடிய சாயத்தொட்டியில் வெளிர்நிறம் போடுவதற்குமுன் நன்றாகக் கழுவ வேண்டும். லாட் பெரிதானால் ஒரு பீஸுக்கு விழும் செலவு குறைகிறது. தவறு நேர்ந்தால் அடியும் பெரிதாகிறது. துணி சுருங்குவது செக்கிங்கில்தான் தெரியவந்தால், அதற்குள் ஆயிரக்கணக்கில் தைத்து முடித்திருப்பார்கள். மேசைகளில் கிடக்கும் அத்தனை கட்டுகளும் முடங்கிக் கிடக்கும் பணம்தான். சிறிய முதலாளிகளுக்கு அதற்கு வட்டியும் ஓடுகிறது.

கழுவிய தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்காக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நிட்டிங்கும் தையலும் ஓடத் தயாராக இருந்தன. நடுவில் ஒரு கண்ணி அறுந்ததும் ஊரே தடுமாறியது. ஆற்றங்கரை விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சுமந்த நட்டம் எந்த பீஸின் விலையிலும் ஏறியதில்லை என்பதை மறந்துவிட்டு இந்த முறையை மலிவானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹென்றி ஃபோர்டு காத்திருப்பையே ஒழிக்கப் பார்த்தார். 1913இல் அமெரிக்காவின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் கார் நகர, தொழிலாளி நின்ற இடத்திலேயே வேலை செய்தார். சுமார் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் பொருத்தும் வேலை 93 நிமிடமாகச் சுருங்கியது. 1908இல் 850 டாலருக்கு விற்ற மாடல் டி கார், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. நாளெல்லாம் ஒரே திருகைத் திருகும் வேலையை மனிதர்களால் தாங்க முடியவில்லை. கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 1914இல் ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் சம்பளம் அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1927இல் மாடல் ஏ-வுக்கு மாறியபோது உற்பத்தி ஏறக்குறைய ஆறு மாதம் நின்றது. ஒன்றையே செய்யப் பழகிய ஆலைக்கு வேறொன்று செய்வது அத்தனை கடினம்.

ஜப்பானில் டொயோட்டாவின் தாய்இச்சி ஓனோ தேங்கிய சரக்கைத்தான் எதிரியாகப் பார்த்தார். எடுத்த அளவுக்கே அடுக்கை நிரப்பும் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகள் அவருக்கு யோசனை தந்தன. அடுத்த மேசை கேட்டால் மட்டுமே முந்தைய மேசை செய்யும். அப்படிக் கேட்கும் சீட்டுக்குப் பெயர் கான்பன். கிடங்கு சிறுத்தது, தவறு உடனுக்குடன் கண்ணில் பட்டது. கையிருப்பு இல்லாததால் தாங்குவதற்கும் எதுவும் இருக்கவில்லை. 1997 பிப்ரவரி 1ஆம் தேதி, பிரேக் வால்வு செய்துகொடுத்த ஐசின் நிறுவனத்தின் காரியா ஆலையில் தீப்பிடித்தது. கைக்கு அடக்கமான அந்தச் சின்ன வால்வு வராததால் சில நாட்களிலேயே ஜப்பானில் டொயோட்டாவின் கார் வரிசைகள் நின்றன.

வால்வின் வரைபடங்கள் பல நிறுவனங்களுக்குப் பறந்தன. கார் உதிரிபாகமே செய்தறியாத, தையல் மெஷினுக்குப் பெயர்பெற்ற பிரதர் நிறுவனமும் அதில் கைகொடுத்தது. அந்த வால்வுக்கென்றே அமைந்த மெஷின்கள் தீயில் போய்விட்டன. எதையும் கடையக்கூடிய சாதாரண மெஷின்களில், தேர்ந்த கைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து கொடுத்த வால்வுகளைக் கொண்டுதான் டொயோட்டாவின் வரிசைகள் மீண்டும் நகரத் தொடங்கின.