தோல் சீட்: எது பழகும், எது பழகாது?

ப்ரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். 600 கிலோமீட்டருக்கு 40 மணி. அத்தனை நேரமும் உடலின் பாரத்தைப் பெருமளவு தாங்குவது ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள சீட். அதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தோல் சீட் வாங்குகிறவர்கள், வலிக்கிறது என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும், பழகினா சரியாயிடும்."

இது பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பிக் காத்திருந்தால், பொருளைத் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும். சிலருக்கு மருத்துவரைப் பார்க்கும் நிலையும் வரும்.

பழகுவது எது?

சாதாரண சீட்டில் பிளாஸ்டிக் தளத்தின் மேல் பஞ்சு இருக்கும். தோல் சீட்டில் தளமே கிடையாது. இரும்புச் சட்டத்தின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நடுவே தடித்த தோலை இழுத்து ரிவெட் அடித்திருப்பார்கள். கயிற்றுக் கட்டில் போல அது தொங்கி உடலைத் தாங்குகிறது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல், எடையாலும் வியர்வை ஈரத்தாலும் மெல்ல உருமாறும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் உட்காரும் எலும்புகள் இரண்டும் பதியும் இடத்தில் குழி விழும். 1866இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 போன்ற சீட்டுகள் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடையே பெயர் பெற்றது இதனால்தான். ஆக, எலும்பு பதியும் இடத்தில் முதலில் தெரியும் கடினம் பழகிவிடும்.

பழகாதது எது?

முதலாவது, அகலம். உங்கள் எலும்புகளின் இடைவெளிக்குக் குறுகலான சீட் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் குறுகலாகவே இருக்கும். வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். கெட்டியான முக்காலியில் அட்டைப்பெட்டியின் அட்டையை வைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையிலான தூரத்தோடு சுமார் 2 சென்டிமீட்டர் கூட்டினால் தோராயமான அகலம் கிடைக்கும். நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு இன்னும் அகலம் வேண்டும். நன்றாகக் குனிந்து ஓட்டுகிறவருக்குக் குறைவாகப் போதும். பெண்களுக்கு இந்த இடைவெளி பொதுவாகக் கூடுதல் என்பதால், அவர்களுக்கான அகல வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, மரத்துப்போவது. தொடைகளுக்கு நடுவே செல்லும் நரம்பையும் ரத்தக் குழாய்களையும் சீட்டின் மூக்கு அழுத்துவதால் வருவது இது. சைக்கிளில் ரோந்து செல்லும் காவலர்களை அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து, மூக்கில்லாத சீட்டுக்கு மாறியவர்களுக்கு அழுத்தமும் மரப்பும் குறைந்ததை 2008இல் வெளியிட்டது. எனவே மரப்பைப் பொறுத்துக்கொள்வது வீரமல்ல. உடனே இறங்குங்கள். சீட் மட்டமாக இருக்கிறதா, உயரம் கூடிவிட்டதா என்று பாருங்கள். நடுவில் பிளவுள்ள வகையை முயன்று பாருங்கள். ஓட்டி முடித்த பிறகும் மரப்பு நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதிலோ பாலுறவிலோ சிரமம் தெரிந்தாலோ கூச்சப்படாமல் யூராலஜி மருத்துவரிடம் செல்லுங்கள்.

மூன்றாவது, கொப்புளம். ஈரமும் உராய்வும் சேர்ந்து மயிர்க்கால்களில் தொற்றை உண்டாக்கும். பேடு வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம். ஓட்டி முடித்ததும் ஷார்ட்ஸை மாற்றிவிடுங்கள். சீழ் வைத்தால் ஆறும்வரை ஓட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் சிறு புண்ணையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வாங்கும்போது

ஓரத்தை உற்றுப் பாருங்கள். முழுத் தோலில் நார்கள் தெரியும்; தூளாக்கி ஒட்டிய தோலில் சீரான பசை அடுக்கே தெரியும். இறக்குமதிப் பொருளானால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரான நாடு ஆகியவை இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்காதீர்கள். அளவு பொருந்தாதது சட்டப்படி குறைபாடு ஆகாது. அப்படித் திருப்பித் தருவது கடையின் விதியைப் பொறுத்தது. ஓட்டிப் பார்த்த சீட்டை எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று முன்பே கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கடை மறுத்தால்

தோல் கிழிவது, ரிவெட் பிடுங்கிக்கொள்வது, கம்பி வளைவது, தோல் என்று சொல்லி வேறொன்றை விற்பது ஆகியவை வேறு கணக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை இதற்கு எதிராகச் செல்லாது. ஆனால் தேங்காய் எண்ணெய் தடவித் தோலைத் தொளதொளவென்று ஆக்கியிருந்தாலோ, மழையில் ஊறவிட்டிருந்தாலோ, தோலை இறுக்க முன்னால் உள்ள திருகை அளவுமீறி முறுக்கியிருந்தாலோ கடைக்காரர் தப்ப வழி கிடைத்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் மெழுகை மட்டும் பூசுங்கள். மழையில் உறை போடுங்கள்.

முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். இணைய விற்பனைத் தளம் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

சீட் பொருந்துகிறதா என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். எலும்பு பதியும் இடத்தில் மட்டும் வலித்தால் தோலுக்கு அவகாசம் கொடுங்கள். மரத்துப்போனாலோ, தொடை உரசினாலோ, எலும்பு விளிம்பில் பட்டாலோ கெடு முடியும் முன்பே மாற்றிவிடுங்கள்.