காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா?

தர்மபுரி மாவட்டத்தின் காட்டோரக் கிராமங்களில் நிலக்கடலை காய் பிடிக்கும் பருவம் வந்தால் ராக்காவலும் வந்துவிடும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் எங்கு போனாலும் பரண், டார்ச் லைட், தகர டப்பா, பட்டாசு என்று இரவு கழியும். ஒரு பன்றிக் கூட்டம் உள்ளே புகுந்தால் கடலையும் குச்சிக்கிழங்கும் தின்றது பாதி, கிளறிப் போட்டது பாதி என்று காடே பாழ். நான்கு மாதப் பாடு ஒரே இரவில் போவதைப் பார்த்தவர், ஒரு துப்பாக்கி கிடைத்தால் தேவலை என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று கேட்கத் தொடங்கினால் விஷயம் விரிந்துகொண்டே போகிறது.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பிடிக்கும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் பொருத்திய குண்டு. மருந்து எரிந்து வாயுவாகி, அந்த அழுத்தம் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. ரைஃபிள் குழலின் உட்சுவரில் திருகுபோல் வரி வெட்டியிருப்பார்கள். அதில் சிக்கிச் சுழன்றபடி வெளியேறும் குண்டு, விட்ட பம்பரம்போல் தலை ஆடாமல் நேராகப் போகிறது. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இந்த வரி கிடையாது, வழவழப்பான குழல். அதனால்தான் அவற்றின் குறி ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதாக இல்லை.

குண்டின் வலிமையைத் தீர்மானிப்பவை எடையும் வேகமும். எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். பாயிண்ட் 22 என்று சொல்லப்படும் சிறு தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடை, நொடிக்கு 330 மீட்டர் வேகம், சுமார் 140 ஜூல் ஆற்றல். அமெரிக்காவில் 1964இல் விற்பனைக்கு வந்த .223 ரெமிங்டன் தோட்டாவின் குண்டும் ஏறக்குறைய அதே பருமன்தான். எடை மூன்றரை கிராம். ஆனால் வேகம் நொடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்குகிறது. ஆற்றல் 1,700 ஜூலுக்கு மேல். துளையின் அளவை மட்டும் வைத்துத் தோட்டாவை எடைபோடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

இந்தச் சிறு துளை, பெரு வேகத் தோட்டாக்கள் பிறந்த கதைக்கு அமெரிக்கப் புல்வெளிதான் களம். மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் சிறு பிராணிகளையும், கன்றைப் பிடிக்கும் கயோட்டி நரிகளையும் இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி நின்று சுட வேண்டியிருந்தது. 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட் நொடிக்கு 1,200 மீட்டரைத் தாண்டியது. இவ்வகைக் குண்டுகளின் மேலுறையை மெல்லியதாகச் செய்வார்கள். பட்ட இடத்தில் நொறுங்கிவிடும். சிறு பிராணி உடனே சாகும். மண்ணில் பட்டாலும் பெரும்பாலும் தெறித்துப் பறக்காது. அந்த வேலைக்கு அது நல்ல தோட்டா.

நம் ஊர்ப் பன்றிக்கு அது பொருந்தாது. வளர்ந்த ஆண் காட்டுப்பன்றி நூறு கிலோவைத் தொடும். அதன் தோளில் தடித்த குருத்தெலும்புத் தோல் கேடயம்போல் படிந்திருக்கிறது, ஆண் பன்றிகள் ஒன்றையொன்று கோரைப்பல்லால் குத்திக்கொள்ளும்போது காப்பதற்கு. மெல்லுறைக் குண்டு அதில் பட்டு நொறுங்கினால் மேல்காயத்தோடு நிற்கும். பாயிண்ட் 22 சிறு தோட்டாவின் கதை இன்னும் மோசம். குண்டை உடம்பில் வாங்கிக்கொண்டு ஓடும் பன்றி, புதருக்குள் நாள்கணக்கில் சீழ்பிடித்துச் சாகும். இல்லையென்றால் விடியலில் விறகு பொறுக்கப் போனவர்மேல் பாயும். விலங்கை வதைக்காமல் கொல்ல வேண்டும் என்பதைத் தோட்டாவைத் தேர்வதில் முதல் விதியாக வைக்கிறேன். அப்படிப் பார்த்தால் பன்றிக்கு நொறுங்காமல் ஆழம் போகும் கனத்த குண்டு வேண்டும்.

கனத்த குண்டு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடித் திரிந்து புத்தகங்களாக எழுதிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். பத்தொன்பது கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டு, நாலாயிரம் ஜூலைத் தாண்டும் ஆற்றல். ஆனால் அவர் சுட்டது காட்டுக்குள். இன்று பன்றி வருவதோ கடலைக்காட்டுக்கு. பக்கத்து வரப்பில் இன்னொருவர் காவல் இருப்பார், கொல்லைக் கொட்டகையில் மாடு கட்டியிருக்கும், நானூறு மீட்டரில் தெருவிளக்கு எரியும். பாயிண்ட் 22 போன்ற சிறு தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருக்கிறார்கள். ரைஃபிளின் பெரிய குண்டுகள் அதைவிட வெகுதூரம் போகும். மேலும் தர்மபுரி நிலம் பாறை நிலம். கல்லில் பட்ட ஈயக் குண்டு எந்தத் திசையில் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் சட்டமும் இதை ஓரளவு எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றுகிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவில், பயிர்க் காவலுக்கென்று குறிப்பது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. அது போதாது என்று அதிகாரி கருதினால் வழவழப்பான குழல் கொண்ட வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். பன்னிரண்டு போர் துப்பாக்கி அந்த வகை. ஒரு பவுண்டு ஈயத்தில் சமமாகப் பன்னிரண்டு உருண்டை வார்த்தால் ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ, அதுவே அந்தக் குழலின் துளை. சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். பெரிய ரவைகள் அடைத்த எல்.ஜி. தோட்டா முப்பது நாற்பது மீட்டருக்குள் பலமாக வேலை செய்யும், அதற்கப்பால் விரைவில் வலுவிழக்கும். ஊருக்கு நடுவே அந்தக் குறையே ஒரு பாதுகாப்பு.

உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட்டுவிடலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பட்டியலில் உள்ள விலங்கு. வெடிச் சத்தம் போட்டு விரட்டலாம். கொல்வதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முடிவு எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எடுத்த முடிவு சரியானது என்பேன். உயரமான இடத்தில் நின்று கீழ்நோக்கிச் சுட்டால், தவறிய குண்டு மண்ணுக்குள் போகும். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே விசையைத் தொட வேண்டும். இதெல்லாம் பயிற்சியால் வருவது. தூக்கம் கெட்ட விவசாயியிடம் நள்ளிரவில் எதிர்பார்க்கக் கூடியதல்ல.

துப்பாக்கி இல்லாத இடத்தில் மின்சாரம் நுழைகிறது, அதுதான் பெரிய கொடுமை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே காளிக்கவுண்டன்கொட்டாயில், பன்றிக்காகத் திருட்டுத்தனமாக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. தோட்டாவுக்காவது குறி என்று ஒன்று உண்டு. மின்கம்பிக்குப் பன்றியும் யானையும் ஒன்று, தண்ணீர் பாய்ச்ச வந்த மனிதரும் ஒன்று.

காட்டோரத்து விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேலியில் கரண்ட் விடாதீர்கள், உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். பன்றி வந்த அன்றே கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து, சேதத்துக்கு இழப்பீடு கேளுங்கள். வனத்துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆணை கையில் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆட்களைச் சரியான துப்பாக்கியோடு கடலை அறுவடைக்கு முன்பே அனுப்பி வையுங்கள்.