கொழுப்பை அளக்க ஒரு டேப் போதும்

எடை பார்க்கும் மெஷின்மேல் வெறுங்காலோடு ஏற்றி நிறுத்துகிறார்கள். 'கொழுப்பு 34 சதவீதம்' என்று அச்சடித்த தாள் கைக்கு வருகிறது. பயந்துபோய் நிற்கும்போதே எடை குறைக்கும் பவுடர் டப்பாவும் வருகிறது. பல ஊர்களில் நடக்கும் இந்த வியாபாரத்தில் ஏமாறாமல் இருக்க, அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் போதும்.

அந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதம் வழியாக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடலின் நீரளவை வைத்துக் கொழுப்பைக் கணிக்கிறது. தண்ணீர் குடித்தாலும், வியர்க்க வியர்க்க ஓடி வந்தாலும் எண் மாறும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதில் ஏறவே கூடாது.

வீட்டில் தையல் டேப் இருக்கிறதல்லவா? சட்டையை விலக்கிவிட்டு நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை தப்பித்துவிடும். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடித்ததும் படியுங்கள். டேப் தோலில் பதியக் கூடாது.

அமெரிக்காவின் சீடர்ஸ்-சினாய் மருத்துவ மைய ஆய்வாளர்கள் 2018-இல் கொழுப்பின் சதவீதத்தைக் கணிக்க ஓர் எளிய கணக்கை வெளியிட்டார்கள். உயரத்தை இடுப்புச் சுற்றளவால் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள். வரும் விடையை ஆண்கள் 64-இலிருந்தும் பெண்கள் 76-இலிருந்தும் கழிக்க வேண்டும். 168 செ.மீ. உயரமும் 96 செ.மீ. இடுப்பும் உள்ள ஆணுக்கு 29 சதவீதம் வரும். இதுவும் மதிப்பீடுதான், சில புள்ளிகள் முன்பின் இருக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது.

ஒல்லியாக இருக்கிறோம் என்று நம்மவர்கள் அசட்டையாக இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3 தான். கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! ஒல்லியாகத் தெரியும் இந்தியர்களிடமும் இப்படிக் கொழுப்பு மறைந்திருக்கலாம் என்பதால்தான் நமக்கு இடுப்பளவின் எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அதைத் தாண்டினால் பவுடர் கடைக்குப் போகாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள், கட்டணம் இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. உடல் பருமனைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. '10 நாளில் 10 கிலோ' போன்ற பொய் வாக்குறுதிகள் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு தர வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம்.

பில், அந்த அச்சடித்த தாள், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம் மூன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். பில் தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.