கண்ணாடிக்குள் ஒரு கடல்

வீட்டுக் கூடத்திலே ஒரு கண்ணாடித் தொட்டி. அதிலே நாலைந்து தங்க மீன்கள். குழந்தைகள் அதைப் பார்த்துக் குதூகலிப்பதும், இன்னும் சற்றுப் பெரிய தொட்டியாக வாங்கியிருக்கலாமே என்று பெரியவர்கள் எண்ணுவதும் சகஜந்தான். ஆசை அப்படியே வளர்ந்துகொண்டு போனால் எங்கே போய் நிற்கும்? ஜெர்மனி தேசத்தில், பெர்லின் நகரத்து ஹோட்டல் ஒன்றின் முன்கூடத்தில் 2003-ம் வருஷம் போய் நின்றது.

'அக்வாடோம்' என்று அதற்குப் பெயர். உருளை வடிவம், குறுக்களவு பதினொன்றரை மீட்டர், உயரமோ நாலைந்து மாடி. அதில் கொண்ட உப்பு நீர் 10 லட்சம் லிட்டர். மீன்கள் சுமார் 1,500. நட்ட நடுவே மின்தூக்கி ஒன்று ஏறி இறங்கும். அதிலே நின்றால் நாலு புறமும் சமுத்திரமே சூழ்ந்தாற்போல் இருக்கும். செலவு 1 கோடியே 28 லட்சம் யூரோ என்பார்கள். லிட்டருக்குப் பதின்மூன்று யூரோ வீதம் ஆகிறது! பாலுக்குக்கூட எந்த ஊரிலும் அந்த விலை கிடையாது.

இவ்வளவு பணம் எதற்கு என்பதை அறிய, பள்ளிக்கூடத்துப் பௌதிக பாடத்தைச் சற்று நினைவுபடுத்திக் கொள்வோம். தொட்டியின் சுவரை ஜலம் நெருக்குவது அதன் ஆழத்தைப் பொறுத்தது, பரப்பைப் பொறுத்ததன்று. ஒரு மீட்டர் ஆழமும் ஒரு மீட்டர் அகலமுமுள்ள சுவர் தாங்க வேண்டியது அரை டன். ஆழத்தை இரு மடங்காக்கினால் பாரம் நான்கு மடங்காகி இரண்டு டன்னாகும். ஆழம் 14 மீட்டர் ஆனாலோ, அதே ஒரு மீட்டர் அகலச் சுவருக்கு 98 டன்! அகலத்தையும் நீளத்தையும் கூட்டுகிறவன் ஜலத்துக்குச் செலவழிக்கிறான். உயரத்தைக் கூட்டுகிறவன் சுவருக்குச் செலவழிக்கிறான்.

ஜப்பானியர் இதை நன்கு உணர்ந்து கட்டியிருக்கிறார்கள். ஓகினாவாத் தீவில் 2002-ல் திறந்த மீன் காட்சிசாலையின் பெரிய தொட்டி 75 லட்சம் லிட்டர் கொள்ளும். திமிங்கிலச் சுறாக்கள் அதிலே உலாவுகின்றன. ஆயினும் ஆழம் 10 மீட்டர்தான். நீளம் 35, அகலம் 27. பார்வையாளருக்கென்று அமைந்த பெரிய பலகையின் கனம் 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டடி. அது கண்ணாடியுமன்று, அக்ரிலிக் என்னும் தெளிந்த பிளாஸ்டிக். கண்ணாடியைப்போல் பாதி எடைகூட இராது. துண்டு துண்டாக ஒட்டினாலும் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. கடல் அருகிலேயே இருப்பதால் உப்புக்கும் அங்கே பஞ்சமில்லை. கடலில்லாத ஊரிலே கடல் நீர் செய்வதென்றால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு வேண்டும். 10 லட்சம் லிட்டருக்கு 35 டன்! அப்புறம் வடிகட்டுவது, வெப்பம் குன்றாமல் காப்பது, முக்குளிப்பவர்கள் இறங்கிச் சுவரைத் துடைப்பது என்று நித்திய செலவுக்கு முடிவே இல்லை.

மறுபடி பெர்லினுக்கு வருவோம். உருளைத் தொட்டியில் நீரின் நெருக்கம் சுவரைச் சுற்றிலும் இழுத்துப் பிளக்கப் பார்க்கும். பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவது இதனாலேதான். அக்வாடோமுக்குப் பட்டை ஏது? பலகைகளும் அவற்றை இணைத்த ஒட்டுமே அந்த இழுப்பை இரவும் பகலும் தாங்கி வந்தன.

2022 டிசம்பர் 16-ந் தேதி, விடிவதற்கு முன், ஆறு மணி அடிக்கக் கால் மணி இருக்கையில் தொட்டி வெடித்தது. கதவுகளையும் சாமான்களையும் வாரிக்கொண்டு வெள்ளம் வீதிக்குப் பாய்ந்தது. வெளியே உறைபனிக் குளிர். பெரிய தொட்டியின் மீன்கள் ஏறக்குறைய யாவும் மாண்டன. கீழ்த்தளத்துச் சிறு தொட்டிகளில் இருந்த சில நூறு மீன்களே பிழைத்தன. மனிதரில் இருவருக்குக் காயம், அவ்வளவே. பகற்பொழுதாயிருந்தால் அந்தக் கூடத்திலே எத்தனை குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்!

அதற்குச் சில காலம் முன்புதான் நீரை வடித்துத் தொட்டியைச் செப்பனிட்டிருந்தார்கள். 2023-ல் நிபுணர் அளித்த அறிக்கை மூன்று ஐயங்களை எழுப்பியது: ஒட்டு விட்டிருக்கலாம், செப்பனிடும்போது அடிப்பாகத்தில் ஏற்பட்ட வடு காரணமாகலாம், நீரில்லாமல் நெடுநாள் உலர்ந்ததால் அக்ரிலிக் கெட்டிருக்கலாம். மூன்றில் எது என்று அவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.