ரீல்ஸும் ஃபார்ம் நான்கும்: பள்ளி மைதானத்திலிருந்து கல்லூரி சீட் வரை

அமெரிக்காவில் பள்ளிக்கூட அளவில் ஃபுட்பால் ஆடும் பையன்கள் சுமார் பத்து லட்சம் பேர். அவர்கள் ஃபுட்பால் என்று சொல்வது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். நம்ம கால்பந்துக்கு அங்கே சாக்கர் என்று பெயர். இந்தப் பத்து லட்சத்தில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் அணிகளில் ஆடக் கிடைப்பது நூற்றில் ஏழு பேருக்குத்தான். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம் என்ற முழு ஸ்காலர்ஷிப் அதிலும் கொஞ்சம் பேருக்கே.

அந்த ஏழு பேரில் ஒருவனாக வர அங்குள்ள பையன் என்ன செய்கிறான்? பதினைந்து வயதிலேயே தன் ஆட்டத்தை வெட்டி ஒட்டி மூன்று நான்கு நிமிட வீடியோ ஆக்குகிறான். இதற்கு உதவும் ஹட்ல் என்ற மென்பொருள் நிறுவனம் 2006-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் தொடங்கியது. அந்த வீடியோவின் சுட்டியைக் கல்லூரி கோச்சுகளுக்கு அனுப்புகிறான், எக்ஸ் தளத்தில் போடுகிறான். வேறு சில நிறுவனங்கள் அவனுக்கு ஹோட்டலுக்குப் போடுவது மாதிரி ஸ்டார் போடுகின்றன. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம் என்று விதி மாறிவிட்டது. பல மாநிலங்களில் பள்ளி மாணவர்களுக்கும் இது உண்டு. ஆக, அங்கே ஃபாலோயர் எண்ணிக்கைக்கே ஒரு விலை இருக்கிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் நெய்வேலி. நான் வளர்ந்த டவுன்ஷிப். வட்டத்துக்கு வட்டம் விளையாட இடம் விட்டுக் கட்டிய ஊர், அதற்கு மேல் பாரதி ஸ்டேடியம். இப்போது ஊருக்குப் போனால் மைதான ஓரத்தில் யாராவது ஒரு பையன் ஃபோனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான். ஃப்ரீ கிக் அடிப்பது, இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தைக் கொண்டுபோவது, எல்லாம் அன்று இரவே ரீல்ஸில் வந்துவிடுகிறது. லட்சம் பார்வைகள் வந்த ஒரு வீடியோவைக் காட்டி ஒரு அப்பா என்னிடம் கேட்டார்: "இத வச்சு காலேஜ்ல சீட்டு கெடைக்குமா தம்பி?" நல்ல கேள்வி. பதில் சொல்ல எனக்குச் சில மாதங்கள் ஆயின.

தேடுவது யார்?

முதலில் ஒரு அடிப்படை வேறுபாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் கல்லூரி ஆட்டம் ஒரு பெரும் வியாபாரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களிலேயே அதிகம் வாங்குபவர் பல்கலைக்கழகக் கோச்தான். அணி தோற்றால் அவர் வேலை போய்விடும். அதனால் எந்த ஊரில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்று தேடுவது அவருடைய பிழைப்பு. தேடும் செலவும் அவருடையது. வீடியோ அவருக்குத் தேவைப்படும் பொருள்.

இன்னொன்றும் உண்டு. அவர் பார்ப்பது பையன் இதுவரை என்ன வாங்கினான் என்பதை அல்ல, இனிமேல் என்ன ஆவான் என்பதை. பதினாறு வயதுப் பையனின் உயரம், கால் வேகம், திரும்பும் விதம், இதையெல்லாம் பார்த்து மூன்று வருஷம் கழித்து எப்படி இருப்பான் என்று கணக்குப் போடுகிறார். அதற்குத்தான் வீடியோ.

நம்ம ஊரில் சீட் தருவது பெரும்பாலும் அரசின் இடஒதுக்கீட்டு விதி. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. மருத்துவத்தில் விரல்விட்டு எண்ணும் அளவு. இந்த விதிக்கு யாரையும் தேடும் வேலை கிடையாது. விண்ணப்பித்தவரின் சான்றிதழ்களை எடுத்துவைத்துப் புள்ளி போடும், வரிசைப்படுத்தும், அவ்வளவுதான். அது பார்ப்பது நடந்து முடிந்ததை மட்டும். எதிர்காலத்தைப் பார்த்து இடம் தருவதற்குப் பெயர் ரெக்ரூட்மென்ட். கடந்த காலத்தைப் பார்த்து இடம் தருவதற்குப் பெயர் கோட்டா. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதில்தான் பெற்றோர்களின் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஏணியின் படிகள்

சரி, அந்தக் காகிதம் எப்படி வருகிறது?

பள்ளி அணியில் ஆடும் பிள்ளை முதலில் குறுவட்டப் போட்டிக்குப் போகும். ஜெயித்தால் மாவட்டம், அதற்கு மேல் மாநிலம். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்று நாம் பள்ளியில் கேட்ட பெயர்கள்தான். அங்கே கண்ணில் பட்டால் மாநிலப் பள்ளி அணிக்கான தேர்வு முகாம். அதில் தேறினால் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி. இன்னொரு ஏணி கால்பந்து சங்கத்தின் வழியாக: மாவட்ட அணி, மாநில ஜூனியர் அணி, தேசியச் சாம்பியன்ஷிப்.

இந்த இடத்தில்தான் ஃபார்ம்கள் வருகின்றன. நாட்டுக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு ஃபார்ம் 2. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு ஃபார்ம் 3. தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடியவருக்கு ஃபார்ம் 4. கப்போடு மேடையில் தரும் கலர் சான்றிதழ் வேறு, இந்த ஃபார்ம் வேறு. சங்கச் செயலாளரோ கல்வித் துறை அதிகாரியோ, அந்தந்த ஃபார்முக்கு உரியவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கலர் சான்றிதழை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு ஃபார்மை மறந்துவிடும் வீடுகள் நிறைய.

இந்த ஏணி கல்லூரியோடு முடிவதில்லை. தமிழ்நாடு காவல்துறையின் காவலர், உதவி ஆய்வாளர் தேர்வுகளில் 10 சதவீதம் விளையாட்டு வீரர்களுக்கு. ரயில்வே, வருமான வரித்துறை, வங்கிகளிலும் வழி உண்டு. எல்லா இடத்திலும் அதே ஃபார்ம்கள்தான் கேட்கப்படும். அதனால்தான் பள்ளியில் ஆடும் பிள்ளைக்குக் கல்லூரி சீட் என்பது பாதி வழி. கல்லூரியில் சேர்ந்து, பல்கலைக்கழக அணிக்கு ஆடி, ஃபார்ம் 3 வாங்கி, வேலைக்குப் போவது மீதி வழி.

குழு ஆட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. நூறு மீட்டர் ஓடுகிறவருக்கு நேரம் சாட்சி. கடிகாரத்திடம் சிபாரிசு செல்லாது. கால்பந்தில் அப்படி ஒரு எண் இல்லை. தேர்வு முகாமில் அன்று நிற்பவர் கண்ணில் படவேண்டும். அன்று கணுக்கால் சுளுக்கினால் அந்த வருஷத்துக் காகிதம் போச்சு. ப்ளஸ் டூ வருஷமாக இருந்தால் சீட்டும் போச்சு.

கடலூர்ப் பெண்கள் ஏறிய விதம்

இந்த ஏணியில் நிஜமாகவே ஏறியவர்களைப் பார்க்க வேண்டுமானால் தூரம் போக வேண்டாம். நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டம், பெண்கள் கால்பந்தில் இந்தியா அறிந்த பெயர்.

2004 சுனாமிக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக் கடலூரில் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் பயிற்சியாளர் மாரியப்பன். அப்போது ரீல்ஸ் கிடையாது. கையில் கேமரா ஃபோன் வைத்திருந்தவர்களே குறைவு. ஆனால் தேடிப்போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு ஆள் இருந்தார்.

இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் இறுதியில் இந்தியா வங்கதேசத்தை 3-1 என்று வென்றது. அந்த மூன்றில் ஒரு கோல் இவருடையது. இவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும் கூட. 2020 ஊரடங்கில் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றார். சந்தியா ரங்கநாதனும் இதே மாவட்டம். விடுதியில் தங்கிப் படித்து, அங்கே பந்தைத் தொட்டு, இந்திய அணி வரை போனவர்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, பலமுறை கோப்பையை வென்ற மணிப்பூரை 2-1 என்று வென்று முதல்முறையாகத் தேசியச் சாம்பியன் ஆனது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று இரண்டாம் முறை. இவற்றில் ஒரு இறுதி ஆட்டத்தையாவது அன்றைக்கே பார்த்த தமிழர்கள் எத்தனை பேர்? லட்சம் பார்வை வாங்கும் ஃப்ரீ கிக் வீடியோவுக்கு வரும் கூட்டம் இந்தக் கோப்பைகளுக்கு வரவில்லை. ஆனால் அணியில் இருந்தவர்கள் கைக்கு ஃபார்ம் 2 வரும். அது செல்லும் காகிதம்.

வைரல் ஆனவர்களுக்கு என்ன ஆனது?

2019 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தின் ராமேஷ்வர் குர்ஜர் என்ற இளைஞர் வெறுங்காலில் சாலையில் ஓடும் வீடியோ பரவியது. நூறு மீட்டரைப் பதினொரு விநாடியில் கடந்தார் என்றார்கள். அன்றைய விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜு வரை போனது. போபாலில் ஓட்டச் சோதனை வைத்தபோது கடைசியாக வந்தார். திடீரென்று ஸ்பைக்ஸ், சிந்தெடிக் டிராக், சுற்றிலும் கேமரா. யார் ஓடினாலும் தடுமாறத்தான் செய்யும்.

2020 பிப்ரவரியில் கர்நாடகக் கம்பளாப் பந்தயத்தில் எருமைகளோடு ஓடிய ஸ்ரீனிவாச கௌடா 142.5 மீட்டரை 13.62 விநாடியில் கடந்தார். அதை வகுத்துப் பார்த்து, நூறு மீட்டர் 9.55 என்று, உசைன் போல்ட்டின் 9.58-ஐ முந்திவிட்டதாக எழுதினார்கள். எருமை இழுக்கும் வேகமும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது கணக்கில் வரவில்லை. அதிகாரிகள் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். கௌடா தெளிவான ஆள். சேற்றில் ஓடுவது வேறு, டிராக்கில் ஓடுவது வேறு என்று சொல்லி மறுத்துவிட்டார்.

இரண்டிலும் வீடியோ ஒரு நாள் கதவைத் தட்டியது. உள்ளே கூட்டிப்போய் இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை.

அப்போ வீடியோ வீணா?

இல்லை. தமிழ்நாட்டிலும் ரெக்ரூட்மென்ட் நடக்கும் சின்ன மூலைகள் உண்டு. விளையாட்டில் பெயர் வாங்க நினைக்கும் சில தனியார் கல்லூரிகள் ட்ரையல் வைத்து, கட்டணம், ஹாஸ்டல், மெஸ் சலுகையோடு எடுக்கின்றன. அங்கே உடற்கல்வி இயக்குநர்தான் கோச். பல்கலைக்கழகப் போட்டியில் கப் வேண்டும் என்பதால் அவரும் தேடுகிறார். கிளப் அணிகளும் அப்படித்தான். 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்ற மதுரை சேது எஃப்.சி. போன்ற கிளப்புக்கு ஆள் தேவை எப்போதும் இருக்கும். இவர்களிடம் வீடியோ பேசும்.

ஆனால் ரீல்ஸ் வேறு, கோச்சுக்கு அனுப்பும் வீடியோ வேறு. பந்து காலில் இல்லாதபோது பிள்ளை எங்கே நிற்கிறது, பந்தை இழந்த பிறகு திரும்பி ஓடுகிறதா என்று பார்க்கத்தான் கோச் விரும்புவார். பாட்டுப் போட்ட பதினைந்து விநாடியில் அது தெரியாது. ஒரு பாதி ஆட்டத்தை வெட்டாமல், ஜெர்ஸி எண் தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள்.

கேட்ட அப்பாவுக்கு நான் எழுதி அனுப்பிய குறிப்பு இவ்வளவுதான். ஒவ்வொரு போட்டி முடிந்ததும் அந்த மாதமே ஃபார்மைக் கேட்டு வாங்குங்கள், அதிகாரி மாறிவிட்டால் அலைச்சல். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். எந்த வருஷத்துச் சான்றிதழ் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டு விளக்கக் கையேட்டில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பவேண்டாம். பத்தாவதுக்குப் பிறகு டியூஷனுக்காகப் பந்தை நிறுத்தினால் எந்தக் காகிதம் கிடைக்காமல் போகும் என்று முன்பே கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். ரீல்ஸை நிறுத்தச் சொல்லாதீர்கள். பிள்ளை சந்தோஷமாகச் செய்கிறது. இந்த வாரக் கடைசியில் மட்டும் அந்த ஃபோனைக் கொஞ்சம் தள்ளி ஸ்டாண்டில் வைத்து, நாற்பத்தைந்து நிமிடம் முழுசாக ஓடவிடச் சொல்லுங்கள்.