மருந்துக் கறையா? தேய்க்காதீர்கள்!

குழந்தைகள் உள்ள வீட்டில் குழம்புக் கறை, எண்ணெய்க் கறையை எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். மருந்துப் பெட்டியிலிருந்து வரும் கறைகள்தான் நம்மைப் பாடாய்ப் படுத்துகின்றன. முட்டிச் சிராய்ப்புக்குத் தடவும் அயோடின், சேற்றுப்புண் காலை ஊற வைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட், இவை பட்ட துணியை சோப்புப் போட்டு என்னதான் தேய் தேய் என்று தேய்த்தாலும் கறை அசையாது. துணிதான் நைந்து போகும். இது அழுக்கு இல்லையே, ரசாயனம்! அதை வேறொரு பொருளால்தான் நிறமிழக்கச் செய்ய வேண்டும்.

எந்தக் கறையானாலும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். கறை போகும்வரை வெந்நீரும் இஸ்திரியும் வேண்டாம். எதைப் போடுவதானாலும் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அயோடின்: கஞ்சி போட்ட புடவையில் இது பட்டால் கருநீலமாகிவிடும். பயந்துவிடாதீர்கள். கஞ்சியிலுள்ள மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்தால் அப்படித்தான் வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி 'ஹைப்போ' உப்பைக் கரைத்துக் கறையை நனையுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மறையும். அந்த நாளில் போட்டோ கழுவ உபயோகித்த அதே சோடியம் தயோசல்பேட்தான் இது. இப்போது மீன் தொட்டி சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். இல்லாவிட்டால், நிறம் சேர்க்காத வைட்டமின் 'சி' மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்துத் தடவலாம்.

பெர்மாங்கனேட்: ஊதாவாக விழுந்த கறை, காய்ந்ததும் பழுப்பாகும். வெள்ளைத் துணியானால், மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வினிகரும் சம அளவு கலந்து, பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். அவ்வப்போது தேவையான அளவு மட்டும் கலந்து, மீதியைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலில் மூடி வைக்கக் கூடாது. இன்னொன்று: பெர்மாங்கனேட் கட்டியின் அருகில் கிளிசரின் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும்.

துருக் கறை: ஊக்கு, கொக்கி, கொடிக் கம்பி இவற்றால் வருவது. உப்பைத் தூவி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெயிலில் காய வைத்து அலசுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடியும் செய்யலாம். துருவின் மேல் பிளீச்சிங் திரவத்தை ஊற்றினால் கறை இன்னும் கெட்டிப்படும்.

நகப்பூச்சு: அசிட்டோனில் கரையும். ஆனால் அசிட்டேட் வகைத் துணியானால் துணியே கரைந்துவிடும்! அடுப்பு எரியும் இடத்தில் அசிட்டோன் பாட்டிலைத் திறக்கவும் கூடாது.

பட்டுக்கும் கம்பளிக்கும் பிளீச்சிங் ஆகவே ஆகாது. இழையே அரித்துப் போகும். அவற்றைச் சலவைக்காரரிடம் கொடுக்கும்போது, "இது இன்ன கறை" என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். கறை போகவில்லையே என்ற ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒரே வாளியில் கொட்டுகிறோமே, அங்கேதான் ஆபத்து. பிளீச்சிங் திரவத்தோடு வினிகரோ, கழிப்பறை கழுவும் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்தாலும் நச்சுப்புகை வரும். காற்றோட்டமில்லாத குளியலறையில் நுரையீரலையே பாதிக்கக்கூடியது அது. கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ, வாளியை அப்படியே விட்டுவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் டாக்டரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

இந்த மருந்துகளைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். தாகமெடுத்த குழந்தைக்கு அது ஜூஸ்தான்! தப்பித்தவறிக் குடித்துவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரிக்கும் திரவம் திரும்பி வரும்போது தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

புடவை போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். கறையை எடுக்கும் கைக்கும், பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாமல் இருப்பதல்லவா முக்கியம்!