பாலைவனத்துக்குப் புறப்படும் முன் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், ஊரில் இருப்பவர்களோடு வீடியோவில் பேசுவார்கள். இரண்டாவது மாதம், “இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?” என்று கேட்பார்கள். அவர்களுக்காக இந்த முறை சற்று வித்தியாசமான ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். ஒரு ஃபோர்-வீல் டிரைவ் வண்டியைப் பாலைவனப் பயணத்துக்குத் தயார் செய்வதுதான் அது.

“வண்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? அது மெக்கானிக் வேலை அல்லவா?” என்று நினைக்கிறீர்களா? ஸ்பேனர் பிடிக்கிற வேலை பாதிதான். மீதிப் பாதி கணக்கு. அந்தக் கணக்கை மனதில் போட்டால் தப்பும். கம்ப்யூட்டரில் போட்டால் தப்பாது.

நான் ஓமன் நாட்டில் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். டிசம்பர், ஜனவரியில் நண்பர்களோடு ருப் அல் காலி பாலைவனத்துக்குப் போவது வழக்கம். சவுதி அரேபியா, ஓமன், அமீரகம், ஏமன் என நான்கு நாடுகளில் சுமார் 6.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் மணல் அது. தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய்விட்டால் பெட்ரோல் பங்க் கிடையாது, மொபைல் டவர் கிடையாது, நிழல் கூடக் கிடையாது.

2024 ஆகஸ்ட்டில் இதே பாலைவனத்தின் சவுதிப் பகுதியில் இந்தியத் தொழிலாளர் ஒருவரும் அவருடன் சென்றவரும் உயிரிழந்த செய்தியைச் சிலர் படித்திருப்பீர்கள். ஜிபிஎஸ் கைவிட்டது, வழி தவறியது, வண்டியில் எரிபொருள் தீர்ந்தது, போனில் சார்ஜ் தீர்ந்தது. நான்கு நாள் கழித்து வண்டிக்குப் பக்கத்திலேயே அவர்களைக் கண்டுபிடித்தார்கள். வழி, எரிபொருள், சார்ஜ், தண்ணீர் ஆகிய இந்த நான்கையும்தான் புறப்படும் முன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சரிபார்க்கப் போகிறோம்.

முதல் வேலை: எரிபொருள் கணக்கு

எக்செல் திறந்து கொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸின் கால்க் மென்பொருளைப் பயன்படுத்தலாம். புதிய ஷீட்டில் நான்கு தலைப்புகள் கொடுங்கள்: பாதை, தூரம், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், தேவையான லிட்டர்.

இதில் முக்கியமானது மூன்றாவது தலைப்பு. மணலில் வண்டி தார்ச்சாலையில் கொடுக்கும் மைலேஜில் பாதிதான் கொடுக்கும். சில இடங்களில் அதுவும் கிடைக்காது. ஆகவே ஒரே எண்ணைப் போடாமல் ஒவ்வொரு வகைப் பாதைக்கும் தனி வரி கொடுங்கள். என் வண்டிக்கு நான் போட்ட கணக்கைப் பாருங்கள். கடைசி பங்கைத் தாண்டிய பிறகு கெட்டியான சரளைப் பாதை 200 கி.மீ., லிட்டருக்கு 6 கி.மீ. மணல் 400 கி.மீ., லிட்டருக்கு 3 கி.மீ.

நான்காவது கட்டத்தில் சமக்குறி (=) போடுங்கள். தூரம் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து, வகுத்தல் குறி (/) போட்டு, மைலேஜ் கட்டத்தைக் கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். சரளைக்கு 33.3 லிட்டர், மணலுக்கு 133.3 லிட்டர் என்று வரும். கூட்டினால் 166.6. இதோடு கால் பங்கு கூடுதலாக இருப்பு வைக்க வேண்டும். கூட்டுத்தொகையை 1.25-ஆல் பெருக்கினால் சுமார் 208 லிட்டர்.

என் வண்டியின் டேங்க் 138 லிட்டர் பிடிக்கும். மீதி 70 லிட்டருக்கு 20 லிட்டர் இரும்புக் கேன் நான்கு தேவை. (தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் கொண்டு போகவே கூடாது. கேனில் நிரப்புவதற்கு உள்ளூர் விதி என்ன என்று பங்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

இனி திட்டம் மாறினாலும் கவலையில்லை. “இன்னொரு 60 கிலோமீட்டர் உள்ளே போனால் என்ன?” என்று நண்பர் கேட்டால் தூரத்தை மாற்றி என்டர் தட்டுங்கள். திரும்பி வருவதையும் சேர்த்து 120 கி.மீ. மணலுக்கு 40 லிட்டர், இருப்போடு 50 லிட்டர் கூடும். விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது வேலை: தண்ணீரும் எடையும்

அதே ஃபைலில் இன்னொரு ஷீட் திறங்கள். குடிக்க, சமைக்க, முகம் கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் என்று நான் வைத்துக்கொள்கிறேன். பயணம் நான்கு நாள் என்றால் நான்கால் பெருக்காதீர்கள். வண்டி நின்றுபோய் உதவிக்குக் காத்திருக்க இரண்டு நாள் கூட்டி, ஆறால் பெருக்குங்கள். மூன்று பேருக்கு 144 லிட்டர். அதாவது 144 கிலோ.

வண்டி எவ்வளவு எடை தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அனுமதித்த மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய எடை கிடைக்கும். வெற்று எடையில் டேங்க் பெட்ரோலும் அடங்கியிருக்கிறதா என்று கவனித்துக் கொள்ளுங்கள். என் வண்டிக்கு 650 கிலோ. ஷீட்டில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்:

ஆட்கள் மூவர் – 225 கிலோ
தண்ணீர் – 144 கிலோ
பெட்ரோல் கேன்கள் – 78 கிலோ
கருவிகள், கூடுதல் டயர், மணலில் போடும் பலகைகள் – 110 கிலோ
சாப்பாடு, பாத்திரம், படுக்கை – 70 கிலோ
சின்ன ஃப்ரிட்ஜ் – 38 கிலோ

மொத்தம் 665. எக்செல்லில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று ஒரு வசதி இருக்கிறது. ஹோம் மெனுவில் காணலாம். கூட்டுத்தொகை 650-ஐத் தாண்டினால் கட்டம் சிவப்பாக வேண்டும் என்று அதில் சொல்லி வைத்திருந்தேன். சிவப்பாகிவிட்டது. எதை இறக்குவது? குளிர்ந்த ஜூஸ் இல்லாமல் நான்கு நாள் இருக்கலாம், தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. ஃப்ரிட்ஜ் வீட்டில் தங்கியது. மொத்தம் 627, கட்டம் பழைய நிறத்துக்கு வந்தது.

அளவுக்கு மீறிய எடை ஸ்பிரிங்கை உடைக்கும், வண்டியை மணலில் புதைக்கும். கூரை மேல் அதிகம் ஏற்றினால் சரிவில் வண்டி கவிழவும் கூடும். கனமானவை கீழேயும் நடுவிலும் இருக்கட்டும்.

மூன்றாவது வேலை: வண்டியோடு பேசுங்கள்

உங்கள் வண்டிக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதன் பெயர் ஓபிடி-2. அமெரிக்காவில் விற்கும் கார்களில் 1996 மாடலிலிருந்து இது கட்டாயம். மற்ற நாடுகளிலும் பின்னர் பரவியது. இதில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கினால், போன் அல்லது லேப்டாப்பில் இன்ஜினின் நிலையைப் படிக்கலாம். மிகப் பழைய வண்டிகளில் இது இருக்காது.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே இதைச் செருகிப் பாருங்கள். எரர் கோடு ஏதும் வந்தால் குறித்துக் கொண்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உதாரணமாக பி0300 என்றால் சிலிண்டர்களில் எரிபொருள் சரியாக எரியாமல் அங்கங்கே தவறுகிறது என்று பொருள். காரணம் தெரியாமல் ‘கிளியர்’ பட்டனை அழுத்தாதீர்கள். விளக்கு அணையும், நோய் தீராது.

கூலன்ட் வெப்பநிலையையும் பாருங்கள். தார்ச்சாலையில் ஓடும்போது எவ்வளவு காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். மணலில் அது மளமளவென்று ஏறினால் உடனே தெரியும். ரேடியேட்டர், ஹோஸ், பெல்ட், ஏர் ஃபில்டர், பேட்டரி ஆகியவற்றை மெக்கானிக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அதை எந்த அடாப்டரும் செய்யாது.

நான்காவது வேலை: வழி

அமெரிக்க அரசு 2000 மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நிறுத்தியது. அன்று முதல் நம்மைப் போன்றவர்களுக்கும் சில மீட்டர் துல்லியம் கிடைக்கிறது. ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. ஆனால் மேப்புக்குத் தேவை. ஆகவே வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் புரோ நிறுவுங்கள். 2015 முதல் இது இலவசம். செல்லும் பாதையைக் கோடாக வரைந்து சேமித்து, போனில் ஆஸ்மாண்ட் போன்ற ஆஃப்லைன் மேப் ஆப்புக்கு மாற்றிக் கொள்ளலாம். ஆனால் நீங்கள் பார்க்கும் படம் எப்போதோ எடுத்தது. மணல்மேடுகள் நகரும். கோடு திசையைத்தான் சொல்லும்.

இப்போது ஒரு சோதனை. ஓமனில் ஷிஸ்ர் என்று ஓர் இடம் இருக்கிறது. ‘உபார்’ என்ற தொலைந்த நகரத்தைத் தேடியவர்கள் செயற்கைக்கோள் படங்களில் பழைய ஒட்டகப் பாதைகளைக் கண்டு, 1990-களின் தொடக்கத்தில் அகழ்ந்த இடம் இது. அதுதான் உபாரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. கம்ப்யூட்டர் பாலைவனத்தில் வழி காட்டிய கதைகளில் அதுவும் ஒன்று. ஷிஸ்ர் இருப்பது வடக்கே 18 டிகிரி 15 நிமிடம், கிழக்கே 53 டிகிரி 39 நிமிடம். இதையே 18.25, 53.65 என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான். நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் தசமம் வரும்.

18.25 என்பதை 18 டிகிரி 25 நிமிடம் என்று படித்தால் என்ன ஆகும்? 10 நிமிட வித்தியாசம், தரையில் 18.5 கி.மீ. மணலில் போக மட்டும் ஆறு லிட்டர் பெட்ரோல். வறண்ட இடத்தில் நின்றுகொண்டு “இங்கேதானே இருக்க வேண்டும்” என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எனவே குழுவில் எல்லோரும் ஒரே முறையில் எழுதுவது என்று முதலிலேயே பேசிக் கொள்ளுங்கள்.

மேப் ஏற்றியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஜிபிஎஸ்ஸை மட்டும் ஆன் செய்து, வீட்டைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். மேப் தெரிந்தால் பாலைவனத்திலும் தெரியும். வெற்று வெள்ளைத் திரை வந்தால் டவுன்லோட் சரியாக ஆகவில்லை. மொபைல் நெட்வொர்க் இல்லாத இடத்தில் முதல் முறை சிக்னல் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். பதற வேண்டாம்.

ஐந்தாவது வேலை: சார்ஜும் சூடும்

வெயிலில் நிற்கும் வண்டியின் டாஷ்போர்டு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். அங்கே மாட்டிய போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டுங்கள். லேப்டாப் கொண்டு போவதென்றால் எஸ்எஸ்டி உள்ளதாக இருக்கட்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் குலுக்கலைத் தாங்காது.

65 வாட் கார் சார்ஜர் பேட்டரியிலிருந்து ஐந்தரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். இன்ஜின் அணைத்த பிறகு இரவெல்லாம் சார்ஜ் போட்டால் காலையில் வண்டி கிளம்பாது. ஓடும்போதே சார்ஜ் செய்து பவர் பேங்கில் சேமியுங்கள். டயருக்குக் காற்றடிக்கும் பெரிய கம்ப்ரசரை லைட்டர் சாக்கெட்டில் செருகாதீர்கள், ஃபியூஸ் போய்விடும். நேரடியாகப் பேட்டரியில் கிளிப் போடுங்கள். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை குறைக்க வேண்டும், தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் மறுபடி நிரப்ப வேண்டும். எனவே கம்ப்ரசர் இல்லாமல் மணலில் இறங்கக் கூடாது.

டவர் இல்லாத இடத்துக்கு சாட்டிலைட் போன் நல்லது. ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் உரிய அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அதைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கடைசி வேலை: பிரின்ட் பட்டன்

எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்யச் சொல்லிவிட்டுக் காகிதத்தில் முடிக்கிறேனே என்று பார்க்காதீர்கள். 2025 ஜூனில் ஹோர்முஸ் ஜலசந்திப் பகுதியில் நூற்றுக்கணக்கான கப்பல்களின் ஜிபிஎஸ் தடுமாறியது. கடலில் நடந்தது மணலிலும் நடக்கலாம். மேப்பும் முக்கிய இடங்களின் எண்களும் அச்சிட்டு, லேமினேட் செய்து, ஒரு திசைகாட்டியோடு வண்டியில் வையுங்கள்.

இரண்டாவது பிரதி வீட்டுக்கு. என் மனைவியிடம் நான் கொடுத்துவிட்டுப் போகும் தாளில் ஐந்து விஷயங்கள் இருக்கும்: வண்டிகளின் எண்ணும் நிறமும், போகிறவர்களின் பெயர், ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், திரும்பும் நாளும் நேரமும், அந்த நேரம் தாண்டினால் அழைக்க வேண்டிய எண். ஓமனில் அது 9999. கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுவேன்: “சனிக்கிழமை மாலை 6 மணிக்குள் போன் வராவிட்டால் யோசிக்காமல் கூப்பிடு.”

இந்த ஒரு தாள் இருந்தால் தேடுபவர்களுக்கு எங்கே தேடுவது என்று தெரியும். நீங்களும் வண்டியை விட்டு நடக்காமல் அதன் நிழலில் காத்திருக்கலாம். மேலிருந்து பார்ப்பவர்கள் கண்ணில் தனியாக நடக்கும் ஆளைவிட வண்டி சீக்கிரம் படும்.

ஒரே வண்டியில் தனியாகப் போகாதீர்கள். ஃபைலை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். திரும்பி வந்ததும் உண்மையில் எத்தனை லிட்டர் செலவானது என்று பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். அடுத்த பயணத்துக்கு உங்கள் வண்டியின் சொந்தக் கணக்கு தயாராக இருக்கும்.